போரில் உறுப்பிழந்தோர்க்கு ஊதியம்: அமெரிக்கக் குடியரசின் முதல் அனுபவம்



ஒரு சொல்லைக்கொண்டு இப்பேச்சைத் தொடங்க விரும்புகிறோம். மைய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்புப் பணி செய்யும் நம்முடைய மேசைக்கு வந்து சேரும் தாள்களில் 'இன்வாலிட் பென்ஷன்' என்னும் தொடர் அவ்வப்போது தென்படும். உடலோ உள்ளமோ நலிந்து, பணியைத் தொடர இயலாது ஓய்வு பெறுகின்ற ஊழியர்க்கு அளிக்கப்படும் ஊதியத்தின் பெயர் அது. இதனைத் தமிழில் 'இயலாமை ஓய்வூதியம்' என்று எழுதுகிறோம். நம் பாட்டனார் காலத்திலோ, பென்ஷன் எதுவாயினும் அதனை 'உபகாரச் சம்பளம்' என்று சொல்வது வழக்கம். இவ்விரு சொற்களுக்கும் இடையே பெரியதொரு வேற்றுமை இருக்கின்றது. உபகாரம் என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. ஊதியம் என்பது பெறுபவரின் உழைப்பைப் பொறுத்தது. முன்னது அருள், பின்னது கடன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலைப்பொழுதில் முதியவர் ஒருவர் நம் இல்லத்தைத் தேடி வந்தார். தென் மாவட்டத்துக்காரர், படையில் இருந்தபோது கால் முடமானவர், மகனுடன் தலைநகரில் தங்கியிருந்தார். அவருடைய துணிப்பையில் தமிழில் எழுதப்பட்ட பழைய சான்றுகள் சில இருந்தன. அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரவேண்டும் என்பது அவர் வேண்டுகோள். ஒரு தாளில் தந்தையின் பெயர் முதலெழுத்தாக நின்றது; மற்றொன்றில் முழுப்பெயராக விரிந்தது; மூன்றாவதில் ஊர்ப்பெயரும் உடன் சேர்ந்திருந்தது. குடும்பப் பெயர் இல்லாத நம்மவர் வடபுலத்து அலுவலகங்களில் படுகின்ற பாட்டை அன்பர்கள் நன்கு அறிவீர்கள். மூன்று பெயர்களும் ஒருவரையே குறிப்பன என்று மெய்ப்பித்தாலன்றி ஊதியத்தைத் திருத்த இயலாதென ஓர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். அவர் தம் காலைத் தட்டிக் காட்டி, "தம்பி, இந்தக் காலைப் பார்த்தாலே தெரியாதா? இதற்கும் ஒரு காகிதம் வேண்டுமா?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு அன்று நம்மால் தக்க விடை சொல்ல முடியவில்லை. ஆயினும் அது நம் மனத்தைவிட்டு அகலவில்லை. ஓர் அரசாங்கம், தனக்காக உறுப்பிழந்த ஒருவனை எவ்வாறு அறிந்துகொள்கின்றது? அவனுடைய வடுவை யார் அளப்பது? அவன் சொல்லை யார் நம்புவது? இக்கேள்விகளை முதன்முதலாகச் சந்தித்த புதிய குடியரசுகளில் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடு. அந்நாட்டின் தொடக்கக் காலத்தில் இவ்வினாக்கள் எழுப்பிய சிக்கல்களையும், அவற்றினின்று பிறந்ததொரு பெரிய நீதிக் கொள்கையையும் இன்று எடுத்துரைக்க எண்ணுகிறோம்.

1776-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பதின்மூன்று குடியேற்ற நாடுகள் பிரிட்டிஷ் ஆட்சியினின்று தாம் விடுதலை பெற்றதாக அறிவித்தன. அதற்கு இரண்டு திங்கள்கூட நிறையாத ஆகஸ்டு 26-ஆம் நாள், அவற்றின் பேரவையாகிய காங்கிரஸ் ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. போரில் கை கால் இழந்தோ, வேறு வகையில் ஊனமுற்றோ, பிழைப்புத் தேட இயலாது போகும் படைத்தலைவர், படைவீரர், கடற்படையினர் ஆகிய அனைவர்க்கும், வாழ்நாள் முழுவதும் அல்லது ஊனம் நீடிக்கும் வரையில், அவர்கள் பெற்ற சம்பளத்தில் பாதி அளிக்கப்படும் என்பதே அத்தீர்மானம். மறுநாள், ஆகஸ்டு 27-ஆம் நாள், நியூயார்க்கிற்கு அருகே லாங் ஐலண்டில் பெரும்போர் நிகழ்ந்தது. அமெரிக்கப் படை தோல்வியுற்றது. நாடு நிலைக்குமோ நிலைக்காதோ என்றறியாத காலத்திலே, ஊனமுறும் வீரனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டது அந்நாடு.

இக்கருத்து அவர்கட்குப் புதிதன்று. இங்கிலாந்தில் எலிசபெத் அரசியின் காலத்திலேயே, 1593-இல், ஊனமுற்ற வீரர்களின் நலன் கருதி ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அமெரிக்க மண்ணில் பிளிமத் குடியேற்றத்தார் 1636-இல், போரில் ஊனமுற்று வருவோரை ஊரார் வாழ்நாள் முழுதும் காப்பது என்று விதி செய்திருந்தனர். வாக்குக் கொடுத்த காங்கிரஸிடம் அதனைக் காக்கப் பொருள் இல்லாமையே 1776-ஆம் ஆண்டின் புதுமை எனலாம். வரி விதிக்கும் அதிகாரம் அப்பேரவைக்கு இல்லை. ஆகவே ஊதியத்தை அந்தந்த மாநிலங்களே கொடுத்து, பின்னர்ப் பேரவையின் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. சில மாநிலங்கள் கொடுத்தன, சில தாமதித்தன, சில மறந்தே போயின. ஒரே போர்க்களத்தில், ஒரே நாளில் காயமுற்ற இருவருள், ஒருவன் ஆற்றின் இக்கரையில் வாழ்ந்ததால் ஊதியம் பெறுவதும், மற்றவன் அக்கரையில் வாழ்ந்ததால் பெறாது போவதும் நிகழ்ந்தன.

முற்றும் முடமாகாது, காவல் பணியேனும் செய்யக்கூடியவர்களைத் தனிப் படையாகத் திரட்டும் முயற்சியும் நடைபெற்றது. 1777-இல் கர்னல் லூயிஸ் நிக்கோலாவின் தலைமையில் அமைந்த 'இன்வாலிட் கோர்' அதுவாகும். ஊனமுற்றவரை உபகாரம் பெறுவோராக மட்டும் எண்ணாது, இயன்ற பணியைக் கொடுத்து அவர் தன்மதிப்பைக் காத்தது அவ்வேற்பாடு. அதன் பட்டியலில் ஒரு பெண்மணியும் இருந்தார் என்பது வியப்பிற்குரியது. மார்கரெட் கார்பின் என்பது அவர் பெயர். 1776 நவம்பர் 16-ஆம் நாள் வாஷிங்டன் கோட்டையில் பீரங்கிப் பணியில் இருந்த அவர் கணவர் மாண்டபோது, அவரிடத்தில் நின்று பீரங்கியை இயக்கி, படுகாயமுற்று, ஒரு கையின் பயனை இழந்தவர் அவர். 1779 ஜூலையில் காங்கிரஸ் அவருக்கு வீரர் ஒருவர் பெறும் சம்பளத்தில் பாதியை வாழ்நாள் முழுவதும் அளிக்கவும், ஒரு முழு உடை வழங்கவும் தீர்மானித்தது.

போர் 1783-இல் முடிந்தது. 1785 ஜூன் 7-ஆம் நாள் காங்கிரஸ் மாநிலங்களுக்கு ஒரு பரிந்துரை அனுப்பிற்று. முற்றும் இயலாதவரான சாதாரண வீரர்க்குத் திங்களுக்கு 5 டாலர். குறைந்த ஊனமுடையவர்க்கு அதற்கேற்பக் குறைந்த தொகை. ஊனத்தைப் பின்னமாக அளக்கும் முறை இவ்வாறு நிலைபெறலாயிற்று. பாதி ஊனம் என்றால் இரண்டரை டாலர். மூன்றிலொரு பங்கு என்றால் ஒரு டாலரும் அறுபத்தாறு சென்ட்டும் சில்லறையும். ஒருவனுடைய தோள் எத்தனை பங்கு போயிற்று, மற்றொருவனுடைய பார்வை எத்தனை பங்கு மங்கிற்று என்று கணக்கிட வேண்டிய நிலை எழுந்தது. அளந்து கொடுக்காவிடில் நீதி இல்லை. அளக்கப் புகுந்தாலோ மனிதன் பின்னமாகிவிடுகிறான். இவ்விரண்டிற்கும் இடையே தடுமாறுவதே ஓய்வூதிய நிர்வாகத்தின் வரலாறு எனலாம்.

புதிய அரசியலமைப்பின் கீழ் 1789-இல் கூடிய முதல் காங்கிரஸ், அவ்வாண்டு செப்டம்பர் 29-ஆம் நாள், அதுவரை மாநிலங்கள் கொடுத்துவந்த இயலாமை ஊதியங்களை ஓராண்டுக்கு நாட்டு அரசாங்கமே ஏற்கும் என்று சட்டம் செய்தது. அடுத்த ஆண்டும் அதனை நீட்டித்தது. ஆனால் இச்சட்டங்களால் பயன்பெற்றோர் ஏற்கெனவே பட்டியலில் இடம் பெற்றிருந்தோரே. பட்டியலில் இடம்பெறாதோர் பலர். சிலர் குறித்த காலத்தில் மனுச் செய்யவில்லை. சிலருடைய மாநிலங்கள் சட்டமே இயற்றவில்லை. சிலர் தொலைவான மலைநாட்டில் வாழ்ந்ததால் செய்தியே அறியவில்லை. அவர்கள் ஒவ்வொருவராகக் காங்கிரஸிற்கே மனு எழுதலாயினர். நாட்டின் சட்டமன்றம், ஒரு வீரனின் முழங்காலைப் பற்றியும் மற்றொருவனின் விரல்களைப் பற்றியும் ஆராய்ந்துகொண்டிருக்க இயலுமா? இச்சுமையை வேறு யாரிடமேனும் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

அவ்வாறு பிறந்ததே 1792 மார்ச்சு 23-ஆம் நாளைய சட்டம். ஊனமுற்ற வீரர்களின் மனுக்களை விசாரிக்கும் பணியை அது நாட்டின் சுற்று நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. அந்நாளில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளே இருவர் இருவராகக் குதிரைமீதும் வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று, அவ்வவ்விடத்து மாவட்ட நீதிபதியுடன் அமர்ந்து சுற்று நீதிமன்றங்களை நடத்தினர். மனுதாரன் தன் படைத்தலைவரின் சான்றையோ, நம்பத்தக்க இரு சாட்சிகளையோ கொணர வேண்டும். அவன் எவ்வாறு பிழைத்து வருகிறான் என்பதற்கு, நிலவுடைமையாளரான நன்மக்கள் மூவர் உறுதிமொழி தரவேண்டும். ஊனமுற்றோர் வந்து சேர வாய்ப்பளிக்கும் பொருட்டு, நீதிமன்றம் ஒவ்வோரிடத்திலும் குறைந்தது ஐந்து நாளேனும் தங்க வேண்டும் என்றுங்கூட அச்சட்டம் விதித்தது. நீதிமன்றம் ஊனத்தின் அளவை முடிவு செய்து, போர்த்துறைச் செயலருக்குத் தெரிவிக்கும். மோசடியோ பிழையோ இருப்பதாக ஐயம் எழுந்தால், செயலர் பெயரைப் பட்டியலில் சேர்க்காது நிறுத்திவைத்துக் காங்கிரஸிற்கு அறிவிக்கலாம்.

நேயர்களே, மேலோட்டமாகப் பார்த்தால் இது நல்லதொரு சட்டமே. நீதிபதிகள் விசாரிக்கிறார்கள், அமைச்சரகம் சரிபார்க்கின்றது, ஏழை வீரன் பயன்பெறுகிறான். இதில் தவறென்ன? ஆனால் 1792 ஏப்பிரல் 11-ஆம் நாள், பென்சில்வேனியாவின் சுற்று நீதிமன்றத்தில் வில்லியம் ஹேபர்ன் என்னும் வீரரின் மனு வந்தபோது, அங்கு அமர்ந்திருந்த ஜேம்ஸ் வில்சன், ஜான் பிளேர், ரிச்சர்டு பீட்டர்ஸ் ஆகிய மூன்று நீதிபதிகளும் அதனை ஏற்று விசாரிக்க மறுத்துவிட்டனர்.

மறுத்தவர்கள் யார்? ஜேம்ஸ் வில்சன் விடுதலை அறிக்கையிலும் அரசியலமைப்பிலும் கையொப்பமிட்டவர். பிளேரும் அரசியலமைப்பில் கையொப்பமிட்டவரே. வீரர்களிடத்துப் பரிவில்லாதவர் என்று அவர்களைச் சொல்ல முடியாது. அவர்கள் குடியரசுத் தலைவர் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் இரு காரணங்களைக் காட்டினர். முதலாவது, சட்டம் தம்மிடம் ஒப்படைத்த பணி நீதி வழங்கும் தன்மையுடையதன்று. இரண்டாவது, நீதிமன்றம் கூறிய முடிவை ஓர் அமைச்சர் நிறுத்திவைக்கவும், சட்டமன்றம் மாற்றவும் கூடுமாயின், நீதிமன்றத்தின் சுதந்திரம் என்பது பொருளற்றதாகிவிடும். சட்டமன்றத்தின் வெளிப்படையான கட்டளைக்கு மாறாக நடக்க நேர்ந்தது தமக்கு மகிழ்ச்சி தருவதன்று என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

ஹேபர்ன் என்ன செய்வார்? இரண்டு நாள் கழித்து, ஏப்பிரல் 13-ஆம் நாள், அவர் காங்கிரஸிடமே முறையிட்டார். நாட்டுச் சட்டமொன்றை அரசியலமைப்புக்கு முரணானதென ஒரு நீதிமன்றம் கருதியது அதுவே முதன்முறை என்பது அவையில் பேசப்பட்டது. அரசியல் அறிஞர்கள் அன்று தொட்டு இன்று வரை ஹேபர்ன் வழக்கை அந்தச் சிறப்பிற்காகவே எடுத்துரைக்கின்றனர். ஆயினும், நீதிமன்றத்தின் கதவு மூடியபோது வெளியே நின்ற மனிதனின் நிலையை நாம் ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு பெருங்கொள்கை வென்றது. அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்த ஏழை வீரர்களே.

நியூயார்க்கில் தலைமை நீதிபதி ஜான் ஜேயும், குஷிங்கும், மாவட்ட நீதிபதி டுயேனும் வேறொரு வழி கண்டனர். சட்டத்தின் குறையை அவர்களும் உணர்ந்தே இருந்தனர். எனினும் சட்டத்தின் நோக்கம் கருணை மிக்கது என்பதனால், நீதிமன்றமாக அன்றி, தனிப்பட்ட ஆணையர்களாக அமர்ந்து மனுக்களைக் கேட்கலாம் என்று முடிவு செய்தனர். நீதிமன்றப் பணி முடிந்தபின், அதே ஊரில், அதே மனிதர்கள், வேறொரு தகுதியில் அமர்வது என்பது ஏற்பாடு. தென் பகுதியில் வட கரோலினாவுக்குச் சென்ற நீதிபதி ஐர்டெல், மனு எதுவும் தம்மிடம் வருமுன்னரே, தம் ஐயங்களைத் தலைவருக்கு எழுதியனுப்பினார். இவ்வாறு ஒரே சட்டம், ஓரிடத்தில் மறுக்கப்பட்டும், ஓரிடத்தில் கருணையால் வளைக்கப்பட்டும் நின்றது. வீரன் எந்த ஊரில் வாழ்ந்தான் என்பதே மீண்டும் அவன் விதியாயிற்று.

தலைமை அரசு வழக்கறிஞர் எட்மண்டு ராண்டால்ஃப், ஹேபர்னின் மனுவை விசாரிக்குமாறு சுற்று நீதிமன்றத்திற்குக் கட்டளையிட வேண்டுமென 1792 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் வேண்டினார். கட்சிக்காரர் இன்றித் தம் பதவியின் பொறுப்பிலேயே அவர் இவ்வாறு வேண்டலாமா என்பதில் ஆறு நீதிபதிகளும் மூவர் மூவராகப் பிரிந்தனர். பின்னர் அவர் ஹேபர்னுக்காகவே வாதாடினார். நீதிமன்றம் வழக்கை அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்தது. அதற்குள் காங்கிரஸ் சட்டத்தையே மாற்றிவிட்டது. தீர்ப்பு வழங்கப்படாமலே வழக்கு முடிந்தது.

1793 பிப்பிரவரி 28-ஆம் நாளைய புதிய சட்டம் நீதிமன்றங்களை விடுவித்தது. இனி மாவட்ட நீதிபதியோ, அவர் அமர்த்தும் மூன்று ஆணையர்களோ, சாட்சியங்களைப் பதிவு செய்து போர்த்துறைச் செயலருக்கு அனுப்புவர். செயலர் அவற்றைப் படைப் பெயர்ப்பட்டியல்களுடன் ஒப்பிட்டுத் தம் குறிப்புகளுடன் காங்கிரஸ்முன் வைப்பார். இறுதி முடிவு காங்கிரஸினுடையது. சாட்சியங்களைப் பற்றிய விதிகளும் கடுமையாயின. காயம் கடமையின்போது ஏற்பட்டதென்பதற்குப் படைத்தலைவர் ஒருவரோ, நம்பத்தக்க சாட்சிகள் இருவரோ சொல்ல வேண்டும். ஊனத்தின் அளவை மருத்துவர் இருவர் உறுதிமொழியுடன் கூற வேண்டும். படையை விட்டபின்னும் ஊனம் நீடித்ததென்பதை நிலவுடைமையாளர் மூவர் உரைக்க வேண்டும். போர் முடியும்வரை பணியில் இருந்தாரா, அன்றி ஊனத்தால் விலக்கப்பட்டாரா என்பதும் தெரிய வேண்டும். இதுகாறும் ஏன் மனுச் செய்யவில்லை என்பதற்கும் விடை சொல்ல வேண்டும்.

சரி, ஜே முதலியோர் ஆணையர்களாக அமர்ந்து அளித்த ஊதியங்கள் செல்லுமா, செல்லாவா? இதனை உச்ச நீதிமன்றத்தின் முடிவிற்கு விடுமாறு புதிய சட்டமே ஆணையிட்டிருந்தது. அதற்காகத் தெரிந்தெடுக்கப்பட்டது கனெக்டிகட் மாநிலத்து யேல் டாட் என்பவரின் வழக்கு. ஆணையர்கள் அவருக்குப் பழைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கும், நிலுவையாக 150 டாலரும் அளிக்குமாறு 1792-இல் பரிந்துரைத்திருந்தனர். அவரும் பணத்தைப் பெற்றிருந்தார். 1794 பிப்பிரவரி 17-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அரசாங்கத்தின் பக்கமே தீர்ப்புக் கூறிற்று. டாட் 172 டாலர் 91 சென்ட் திருப்பித் தரவேண்டியவரானார். அத்தீர்ப்பு நெடுங்காலம் அச்சேறாது கிடந்து, 1851-இல் வேறொரு வழக்கின் குறிப்பாகவே வெளிவந்தது. நாட்டின் தலைமை நீதிபதியே நேரில் கேட்டு அளித்த ஊதியம், அதே நீதிபதி தலைமை தாங்கிய நீதிமன்றத்தால் செல்லாதென்றாயிற்று.

இப்பொழுது நிர்வாகம் நடந்த விதத்தைச் சற்று நோக்குவோம். 1785 முதல் 1794 முடிய ஹென்றி நாக்ஸ் போர்த்துறையின் பொறுப்பில் இருந்தார். அவர் தாமே போரில் பீரங்கிப் படையின் தலைவராக விளங்கியவர். மனுக்கள் பற்றிக் காங்கிரஸிற்குச் சென்ற பட்டியல்களில் மனுதாரர் பெயர், அவர் இருந்த படைப்பிரிவு, காயத்தின் தன்மை, பரிந்துரைத்த பங்கு, கடைசியில் அலுவலகத்தின் குறிப்பு ஆகியவை வரிசையாக நிற்கும். வீரனின் வாழ்வு அந்தக் கடைசிக் கட்டத்தில் எழுதப்படும் ஒரு வரியில் அடங்கிவிடும். பெயர்ப்பட்டியலில் காணப்படவில்லை என்றோ, சாட்சியம் போதாது என்றோ எழுதப்பட்டால், அவன் மீண்டும் மலையேறி, ஆறு கடந்து, பழைய தோழர்களைத் தேடிச் செல்ல வேண்டியதே. அத்தோழர்களோ போர் முடிந்தபின் திசைக்கொருவராய்ப் பிரிந்துவிட்டனர். படைத்தலைவர்கள் பலர் மாண்டுவிட்டனர்.

ஊதியம் கிடைத்தபின்னும் தொல்லை ஒழிந்தபாடில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் கடன் ஆணையர் என்னும் அதிகாரி, ஆண்டுக்கு இருமுறை ஊதியத்தை வழங்குவார். பட்டியலில் உள்ளவன் தானே என்று வீரன் நடுவர்முன் உறுதிமொழி கூறித் தாள் பெற வேண்டும். நேரில் செல்ல இயலாத முடவன் பிறருக்கு அதிகாரம் எழுதிக் கொடுப்பான். அவ்வாறு எழுதி வாங்கியவர்களிற் சிலர், சிறுதொகை கொடுத்து, வரப்போகும் ஊதியத்தையே விலைக்கு வாங்கிக்கொண்டனர். ஆகவே அக்காலச் சட்டங்கள், தவணை வருமுன் ஊதியத்தை விற்பதும் அடகு வைப்பதும் செல்லாவென்று விதித்தன. பசித்தவனைக் காக்க எண்ணிய விதியே. ஆயினும் தவணைக்கு முன் பசி வந்தால் என்ன செய்வதென்பதற்கு அதில் விடையில்லை.

இவற்றிற்கெல்லாம் மேலாக, 1800 நவம்பர் 8-ஆம் நாள், புதிய தலைநகராகிய வாஷிங்டனில் போர்த்துறை அலுவலகம் தீப்பற்றி எரிந்தது. படைப்பட்டியல்களும், முன்னர் வந்த மனுக்களும், அவற்றோடு வீரர்கள் அரும்பாடுபட்டுத் திரட்டிய சாட்சியங்களும் சாம்பலாயின. தாளைக் கொடு என்று கேட்ட அலுவலகத்திலேயே தாள் இல்லாது போயிற்று. அதன்பின் வந்த மனுதாரர்கள் தோழர்களின் நினைவையும் அண்டை வீட்டாரின் சொல்லையுமே நம்ப வேண்டியவராயினர்.

அத்தகைய சொல்லின் வலிமைக்கு ஒரு சான்று காண்போம். டெபோரா சாம்ப்சன் என்னும் பெண்மணி ஆண் வேடம் பூண்டு, ராபர்ட் ஷர்ட்லிஃப் என்னும் பெயருடன் 1782-இல் மாசசூசெட்ஸ் படையில் சேர்ந்து, காயமுற்று, 1783-இல் நற்சான்றுடன் விடுவிக்கப்பட்டார். பின்னர் மணம் புரிந்து, வறுமையில் வாழ்ந்தார். 1804-இல் பால் ரெவியர் என்னும் புகழ்பெற்ற தேசபக்தர் அவர் சார்பில் காங்கிரஸ் உறுப்பினர் வில்லியம் யூஸ்டிஸுக்குக் கடிதம் எழுதினார். 1805-இல் அவர் பெயர் இயலாமை ஊதியப் பட்டியலில் ஏறிற்று. தொகை திங்களுக்கு 4 டாலர். 1803-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே அது கணக்கிடப்பட்டது. போர் முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பெரிய மனிதர் ஒருவரின் கடிதம் கிடைக்கப்பெறாத எத்தனை பேர் அவ்வாறு காத்துக் கிடந்தனரோ!

காலம் செல்லச் செல்ல விதிகள் தளர்ந்தன. 1806-இல் மாநிலப் படையினரும் ஊர்ப்படையினரும் இயலாமை ஊதியத்திற்கு உரியவராயினர். 1816-இல் சாதாரண வீரரின் முழு ஊதியம் 5 டாலரினின்று 8 டாலராக உயர்ந்தது. 1818 மார்ச்சு 18-ஆம் நாள், ஊனம் இல்லாவிடினும், தேசியப் படையில் ஒன்பது திங்கள் பணிபுரிந்து வறுமையுற்றோர்க்கு ஊதியம் அளிக்கும் சட்டம் வந்தது. பல்லாயிரவர் மனுச் செய்தனர்; கருவூலம் திகைத்தது; செல்வரும் வறியவரெனச் சொல்லிப் பெறுகின்றனர் என்னும் புகார் எழுந்தது. ஆகவே 1820-இல், ஒவ்வொருவரும் நீதிமன்றத்தில் தம் உடைமைகளைப் பட்டியலிட்டு உறுதிமொழி தர வேண்டும் என்று விதித்தனர். பதினைந்து வயதில் படையில் சேர்ந்து, போர் முடியும்வரை பணிபுரிந்த ஜோசப் பிளம் மார்ட்டின், தமக்கு நிலமும் இல்லை, ஊதியமன்றி வேறு வருவாயும் இல்லை என்று சொல்லி, தம்மிடமிருந்த சில மாடு ஆடுகளைக் கணக்குக் காட்ட நேர்ந்தது. அவர் 1830-இல் வெளியிட்ட போர் நினைவுகள், அந்நாட்டு வரலாற்றாசிரியர்கள் இன்றும் போற்றிப் படிக்கும் நூலாகும். பட்டியலினின்று பலர் நீக்கப்பட்டனர். 1823-இல் அவருட் சிலரை மீண்டும் சேர்க்க வழி செய்யப்பட்டது. 1832-ஆம் ஆண்டுச் சட்டம் வறுமையைக் கேளாமலே, பணிபுரிந்த காலத்தை மட்டும் நோக்கி ஊதியம் அளித்தது. உபகாரமாகத் தொடங்கியது உரிமையாக மாற அரை நூற்றாண்டு சென்றது. அதற்குள் பெரும்பாலோர் மண்ணுக்கு இரையாகிவிட்டனர்.

அப்போரின் காரணமாக ஊதியம் பெற்ற கடைசி வீரர் டேனியல் பேக்மன் 1869-இல் மறைந்தார். கடைசி விதவையாகிய எஸ்தர் டேமன் 1906-இல் மறைந்தார். 1776-இல் கொடுத்த வாக்கின் கணக்கு முடிய ஒரு நூற்றாண்டிற்கு மேல் ஆயிற்று. போர் எட்டாண்டுகளில் முடிந்துவிடும். போரின் கடன் அவ்வளவு எளிதில் முடிவதில்லை.

இவ்வரலாற்றில் நமக்குத் தொடர்புடைய செய்திகள் இரண்டு உள்ளன. நீதித்துறையை நிர்வாகத்தினின்று பிரிக்க வேண்டுமென்பது நம் அரசியலமைப்பின் 50-ஆம் உறுப்பு. அக்கொள்கையின் பொருள் என்ன என்பதை 1792-இல் பென்சில்வேனியா நீதிபதிகள் செய்து காட்டினர். ஓய்வூதியம் அரசாங்கத்தின் அருளைச் சார்ந்த கொடையன்று, உழைத்தவரின் உரிமை என்பதை 1982 டிசம்பர் 17-ஆம் நாள் நகாரா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் உரைத்தது. உபகாரச் சம்பளம் என்னும் பழஞ்சொல் வழக்கிழந்தது நன்றே என்று அத்தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் நாம் எண்ணுவதுண்டு.

அப்பெரியவரின் கேள்விக்கு வருவோம். காலைப் பார்த்தால் தெரியாதா? தெரியும். ஆனால் பார்ப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் மற்றொருவர், அப்பணமோ ஊராருடையது. அதனால்தான் காகிதம் வேண்டியிருக்கிறது. காகிதத்தைக் கேட்பது குற்றமன்று. காகிதம் வந்தபின்னும் மனிதனைப் பாராதிருப்பதே குற்றம். தன் வீட்டில் தீப்பற்றி எரிந்த தாளுக்காக ஏழையைத் தண்டிப்பது குற்றம். நீதிபதிகள் கொள்கையைக் காத்தது சரியே; ஆனால் கொள்கை தீரும் வரையில் ஹேபர்ன் எதை உண்பார் என்று கேட்கவும் ஒருவர் இருந்திருக்க வேண்டும். 1792-இன் குறை அதுவே.

நாம் அம்முதியவரின் சான்றுகளைப் பெயர்த்துக் கொடுத்தோம். மூன்று பெயர்களும் ஒருவருடையனவே என்று ஓர் உறுதிமொழியும் எழுதினோம். தமிழர் பெயரில் முதலெழுத்து எதனைக் குறிக்கும், ஊர்ப்பெயர் ஏன் சேரும் என்பதை அரைப்பக்க அளவில் விளக்கி இணைத்தோம். ஏழு திங்கள் கழித்துத் திருத்திய ஆணை வந்தது. அதற்குள் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். செய்தியை அவர் மகனே வந்து சொன்னார்.

அன்பர்களே, நீங்கள் வாழும் ஊரில், நம் மொழியில் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அலுவலக வாயிலில் திகைத்து நிற்கும் ஒருவரை நீங்களும் காணக்கூடும். அவருக்காக அரைப்பக்கம் எழுதிக் கொடுக்க நமக்கு இயலும். சாட்சி தேடி அலைந்த அந்த அமெரிக்க வீரர்களுக்குப் பெரும்பாலும் இல்லாது போனது, அவர்கள் மொழியையும் அலுவலகத்தின் மொழியையும் ஒருங்கே அறிந்த ஓர் அண்டை வீட்டாரே.